யார் விண்ணப்பிக்கலாம்?

அரசாங்க வேலைக்கான அறிவிப்பு கண்ணில் பட்டால் நாம் முதலில் பார்ப்பது சம்பளம். அப்புறம் கடைசி நாள். அதற்கும் அப்புறம், என்னென்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று. 'விண்ணப்பிக்கத் தகுதியுடையோர்' என்ற தலைப்பின் கீழ் வரும் நாலைந்து வரிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவோம். குடியுரிமை, வயது, பட்டம், மொழித்தேர்ச்சி. எல்லாம் நம்மிடம் இருக்கிறது, சரி, அடுத்தது என்ன?

மலாயாவின் நிர்வாக வரலாற்றை அந்த நாலைந்து வரிகளை மட்டும் வைத்துக்கொண்டே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யார் தேர்வில் வென்றார்கள் என்பதை எல்லாரும் பேசுகிறார்கள். யார் தேர்வு எழுதலாம் என்பதை எப்போது, எந்த அறையில், யார் முடிவு செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் வீடுகளில் இன்றும் கேட்கும் 'கவர்மெண்டுல நமக்கு எங்க குடுக்கப் போறான்' என்ற வசனத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1

பட்டம் முடித்த இளைஞனைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று வருடம் பயிற்சி கொடுத்து, பிறகு உயர் அதிகாரியாக உட்காரவைப்பது என்ற ஏற்பாடு இங்கே புதிதல்ல. பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கேடட்'.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1853 நவம்பரில் நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் பிரிட்டிஷ் அரசுப்பணி பற்றி ஓர் அறிக்கை எழுதி முடித்தார்கள். அதுவரை அரசாங்க உத்தியோகம் என்பது செல்வாக்குள்ளவர் தன் மகனுக்கும் மருமகனுக்கும் வாங்கிக்கொடுப்பது. அறிக்கை அதை மாற்றச் சொன்னது: பொதுவான போட்டித்தேர்வு வையுங்கள், தகுதியைப் பார்த்து எடுங்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மூளை உழைப்பு வேறு, இயந்திரத்தனமான எழுத்து வேலை வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் எடுக்க வேண்டும். மேலே சிந்திப்பவர்கள், கீழே நகல் எடுப்பவர்கள். இந்தப் பிரிவினை பின்னால் காலனிகளுக்கு வந்தபோது அதற்குத் தோலின் நிறமும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவின் சிவில் சர்வீஸுக்கு 1855இல் முதல் போட்டித்தேர்வு நடந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) 1867 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசின் பிடியிலிருந்து விலகி, லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. அதன் பிறகு இங்கேயும் கேடட் முறை வந்தது. 1882இலிருந்து திறந்த போட்டித்தேர்வு. 1896இலிருந்து பிரிட்டனின் உள்நாட்டுப் பணி, இந்தியப் பணி, கிழக்குக் காலனிகளின் கேடட் பணி மூன்றுக்கும் ஒரே தேர்வு. லத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு, அறிவியல் என்று நீண்ட பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மதிப்பெண் பட்டியலில் மேலே வந்தவர்கள் லண்டன் அலுவலகங்களையோ இந்தியாவையோ எடுத்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு இலங்கை, ஹாங்காங், மலாயா. 1904இல் இந்தத் தேர்வை எழுதியவர்களில் லியோனார்ட் வுல்ஃபும் ஒருவர். பிற்காலத்தில் விர்ஜினியா வுல்ஃபின் கணவராக இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்தவர். லண்டனில் வேலை கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இலங்கை கேடட் ஆனார். வால்டேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியும் ஒரு நாயும் கூட வர, கப்பலேறி வந்து 1905இல் யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தார். தேர்வில் ஓரளவு சறுக்கிய ஓர் ஆங்கிலேய இளைஞன், இருபத்து நாலு வயதில் யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு அதிகாரி. திறந்த போட்டித்தேர்வு என்பது நடைமுறையில் இப்படித்தான் வேலை செய்தது.

2

ஆனாலும் இலங்கையில் ஒரு விஷயம் நடந்திருந்தது. வுல்ஃப் வருவதற்கு முப்பது வருடம் முன்பு, 1875இல், பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழர் அதே போட்டித்தேர்வு வழியாக இலங்கை சிவில் சர்வீஸில் நுழைந்தார். அந்த வழியில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்தியாவில் அதற்கும் முன்பே, 1863இல், சத்யேந்திரநாத் தாகூர் இந்தியப் பணித் தேர்வில் வென்றிருந்தார். தேர்வு லண்டனில் நடக்கிறது, செலவு அதிகம், வயது வரம்பைக் குறைத்துக் குறைத்துக் கழுத்தை நெரிக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் படிவத்தை வாங்கி நிரப்பக்கூடாது என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை.

மலாயாவில் எழுதிவைத்தார்கள்.

1904இல் நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள், ஹாங்காங் ஆகியவற்றின் கேடட் பணிக்கான விதியில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. விண்ணப்பதாரர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தூய ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால் போதாது. சிங்கப்பூரில் பிறந்திருந்தாலும் போதாது. யூரேஷியர்களும் அவுட். 'இரண்டு வழியிலும்' என்ற சொற்கள் குறிப்பாக அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை என்று வாசித்தால் தப்பில்லை.

இதில் உள்ள கொடுமையைப் புரிந்துகொள்ள இன்னொரு திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆளுநர் செசில் கிளெமென்டி ஸ்மித் 1885இல் ராணி உபகாரச் சம்பளத் திட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளூரின் கெட்டிக்கார மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, அரசாங்கச் செலவில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது. லிம் பூன் கெங் எடின்பரோவில் மருத்துவம் படித்தது இதில்தான். சோங் ஓங் சியாங் வழக்கறிஞரானதும் இதில்தான். ஆக, அரசாங்கமே காசு கொடுத்து ஒரு பையனை கேம்பிரிட்ஜுக்கு அனுப்புகிறது. அவன் அங்கே வகுப்பில் முதலாவதாக வருகிறான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆங்கிலேய நண்பன் கேடட் தேர்வு எழுதி சிங்கப்பூருக்கு அதிகாரியாகக் கப்பலேறுகிறான். இவனுக்குச் சொந்த ஊருக்கு அதிகாரியாகத் திரும்பத் தேர்வு எழுதும் உரிமையே கிடையாது. டாக்டராகலாம், லாயராகலாம். அந்தக் காலத்து ஆசியப் படிப்பாளிகளில் இத்தனை பேர் ஏன் டாக்டரும் லாயருமாக இருந்தார்கள் என்பதற்குக் குடும்பக் கௌரவம் மட்டும் காரணமில்லை.

3

தமிழர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? அரசாங்க அலுவலகத்துக்குள்தான் இருந்தார்கள், அதுவும் கூட்டமாக. ஆனால் வேறு நாற்காலியில்.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885 ஜூனில் முதல் ரயில் ஓடியது. அதன் பிறகு ரயில்வே, நில அளவை, பொதுப்பணி, தபால், கருவூலம் என்று ஒவ்வொரு இலாகாவாக முளைத்தது. ஆங்கிலம் தெரிந்த, கணக்குத் தெரிந்த, வெள்ளைக்காரனைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய ஆட்கள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலப் பள்ளிகள் நடத்திக்கொண்டிருந்தது. வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கியது. படித்தவர்கள் அதிகம், உள்ளூரில் உத்தியோகம் குறைவு. கப்பல் கப்பலாக வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், டிரெஸ்ஸர், சர்வேயர். 1900இல் சிலாங்கூரில் அவர்களுக்கென்று தனிச் சங்கமே வந்துவிட்டது.

நார்த்கோட்டும் ட்ரெவெல்யனும் சொன்ன 'இயந்திரத்தனமான வேலை'யைச் செய்தவர்கள் இவர்கள். கேடட் வருவான், இரண்டு வருடம் இருப்பான், மாற்றலாகிப் போவான். கோப்பு எங்கே இருக்கிறது, எந்த நிலத்துக்கு எந்த வரி, பழைய அதிகாரி என்ன உத்தரவு போட்டார் என்பதெல்லாம் தெரிந்த தலைமை கிளார்க் அங்கேயே இருப்பார். புதிதாக வந்த இருபத்து மூன்று வயதுப் பையனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தே முடி நரைத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு உயர்வு உண்டு, கிளார்க் வரிசைக்குள். பென்ஷன் உண்டு. மரியாதையும் உண்டு. நாற்காலி மட்டும் மாறாது.

இதற்கும் கீழே இன்னொரு தமிழ்க் கூட்டம் இருந்தது. ரப்பர் தோட்டங்களில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள்: ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியாரும். தமிழில் சில வகுப்புகள், அதோடு சரி. ஆங்கிலம் கிடையாது. கிளார்க் வேலைக்கு ஆங்கிலப் பள்ளிப் படிப்பு வேண்டும். எனவே தோட்டத்துப் பிள்ளைக்குக் கேடட் விதியின் நிறத்தடை ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தடை இருக்கும் மாடிக்கு ஏறும் படிக்கட்டே அவன் கண்ணில் படவில்லை.

நம் சமூக வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டையும் ஒரே அடைப்பாகச் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து கிளார்க்கை நிறம் தடுத்தது. தோட்டத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் தடுத்தது. முதல் தடையை எதிர்த்துப் பேச ஆங்கிலம் தெரிந்த வாய்கள் இருந்தன. இரண்டாவது தடைக்கு நெடுநாள் அதுவும் இல்லை.

4

கேடட் மலாயாவுக்கு வந்ததும் படிப்பு முடிந்துவிடாது. சட்டத் தேர்வு, மொழித் தேர்வு இரண்டிலும் தேறினால்தான் பணி உறுதி, சம்பள உயர்வு. பெரும்பாலானவர்களுக்கு மலாய். சிலரைச் சீன மொழிக்கென்று ஒதுக்கிச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1921இல் கேடட்டாக வந்த விக்டர் பர்செல் கான்டனில் போய்ப் படித்தவர். இன்னும் சிலருக்குத் தமிழ். தோட்டத் தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் தொழிலாளர் இலாகாவுக்குத் தமிழ் தெரிந்த அதிகாரி வேண்டும். அதற்காக இளம் ஆங்கிலேயர்களைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பி, அரசாங்கச் செலவில் தமிழ் கற்பித்தார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தமிழர்களைப் பற்றிய வேலை. தமிழ் தெரிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குத் தமிழர் விண்ணப்பிக்க முடியாது. தமிழ் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்து அனுப்பலாம். அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு, காலம் எதுவும் அரசாங்கத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தகுதி என்பதைப் பயிற்சியால் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. பட்டதாரிப் பயிற்சித் திட்டம் என்பதன் அர்த்தமே அதுதானே. யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதில்தான் பேச்சுக்கு இடமில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? மலாய் மாநிலங்கள் மலாய் சுல்தான்களின் நாடு, பிரிட்டிஷார் ஆலோசகர்கள்தான், மற்ற ஆசியர்களைத் தங்கள் மேல் அதிகாரிகளாக மலாய்க்காரர்கள் ஏற்கமாட்டார்கள். மலாய்க்காரர்களுக்காவது வழி திறந்ததா என்றால், பாதி திறந்தது. கோலகங்சாரில் 1905இல் மலாய்க் கல்லூரி தொடங்கியது. 1910இல் மலாய் நிர்வாகப் பணி என்று ஒன்று உருவானது. ஆனால் அது வெள்ளையர்களின் சிவில் சர்வீஸுக்குக் கீழே ஒரு படி. அங்கிருந்து மேலே ஏறியவர்கள் சொற்பம், அதுவும் பல வருட உழைப்புக்குப் பிறகு. மண்ணின் மைந்தர்களுக்கே உதவியாளர் நாற்காலிதான் என்னும்போது, இந்த நியாயம் யாருடைய நலனுக்காகச் சொல்லப்பட்டது என்பது விளங்கும்.

1936இல் கூட்டரசு மன்றத்தின் இந்திய உறுப்பினர் ஒருவர் இந்தியர்களை நிர்வாகப் பணியில் சேர்ப்பது பற்றிக் கேட்டார். ஆளுநர் ஷென்டன் தாமஸ் சொன்ன பதிலின் சாரம் இது: நான் பல நாடுகளில் வேலை பார்த்திருக்கிறேன், அந்நாட்டுக்காரனோ ஆங்கிலேயனோ அல்லாத ஓர் அந்நியனை நிர்வாகப் பதவியில் வைத்ததாக எங்கும் தெரியாது. மலாயாவில் பிறந்த இந்தியன் அந்நியன். நேற்று கப்பலில் வந்த ஆங்கிலேயன் அந்நியன் இல்லை. இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

5

கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழன்றது.

நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் 1923இலிருந்து உறுப்பினராக இருந்த டான் செங் லோக், இந்த நிறத்தடையை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். 1934இல் உள்ளூர்ப் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கென்று நீரிணைக் குடியேற்றச் சிவில் சர்வீஸ் என ஒன்றை அமைத்தார்கள். பெயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அசல் மலாயா சிவில் சர்வீஸுக்கு அடுத்த படிதான் அது. கேட்டதைக் கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும் என்றால் இப்படித்தான் செய்வார்கள்.

போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ஜப்பானியரிடம் சரணடைந்த வெள்ளையனை ஊரே பார்த்திருந்தது. சிங்கப்பூரில் 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1951 ஜனவரி 1ஆம் தேதி பொதுச்சேவை ஆணையம் வந்தது. உள்ளூர்ப் பட்டதாரிகள் உயர்பணிக்குள் நுழைய ஆரம்பித்தார்கள். உள்ளே போனால் அங்கே அடுத்த சுவர்: ஒரே வேலை, ஆனால் ஐரோப்பிய அதிகாரிக்குக் கூடுதல் படிகள். 1952இல் கோ கெங் சுவீ, கென்னத் பர்ன் ஆகியோர் தொழிற்சங்கங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்து இதை எதிர்த்தார்கள். சிங்கப்பூரின் பிற்கால அரசியல் தலைமையில் ஒரு பகுதி இந்தச் சம்பளச் சண்டையில்தான் வார்க்கப்பட்டது. 1955இல் டேவிட் மார்ஷல் அரசு, ஐரோப்பியர்களின் இடத்தில் உள்ளூர்வாசிகளை எப்படிக் கொண்டுவருவது என்று ஆராய மலாயமயமாக்க ஆணையம் அமைத்தபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் பி. ஆர். ஸ்ரீனிவாசன்.

கூட்டரசு மலாயாவில் கதை வேறு வழியில் போனது. 1953இல் மலாய்க்காரர் அல்லாத குடிமக்களுக்கும் மலாயா சிவில் சர்வீஸ் திறந்தது. நான்கு மலாய்க்காரர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விகிதம் தொடர்ந்தது. அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு அதற்குச் சட்டத் தளம். அரை நூற்றாண்டு காலம் நிறத்தைக் காட்டி எல்லாரையும் வெளியே நிறுத்திய ஏற்பாட்டுக்குப் பதிலாக, உள்ளே வருவோரை இனத்தால் பங்கிடும் ஏற்பாடு. இரண்டும் ஒன்றல்ல. உதவியாளராகவே உட்காரவைக்கப்பட்ட மலாய்க்காரர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற கேள்விக்கு இனத்தைக் கொண்டு விடை சொல்லும் பழக்கம் வெள்ளைக்காரனோடு கப்பலேறவில்லை என்பதும் உண்மை.

6

மலாயா சிவில் சர்வீஸின் வாரிசுதான் மலேசியாவின் இன்றைய பிடிடி, அதாவது நிர்வாக, தூதரகப் பணி. பொதுச்சேவை ஆணையத்தில் பதிவு செய்து, தேர்வு எழுதி, மதிப்பீட்டு முகாம் போய், நேர்காணலும் முடிந்து உள்ளே வருபவர்களை இந்தானில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பயிற்சியில் இருப்பவர்களை இன்றும் 'கடெட்' என்றுதான் அழைக்கிறார்கள். சொல் அப்படியே இருக்கிறது. படிவத்தில் இருக்கும் வரிகள் வேறு: குடியுரிமை, வயது, பட்டம், எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட். வம்சம் பற்றி ஒன்றும் இல்லை.

இருந்தும் பொதுச்சேவையில் இந்தியர், சீனர் எண்ணிக்கை ஏன் குறைவு என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம் நடக்கிறது. விண்ணப்பிப்பவர்களே குறைவு என்பார்கள் ஒரு பக்கம். விண்ணப்பித்தும் கிடைப்பதில்லை, அதனால்தான் விண்ணப்பிப்பதில்லை என்பார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் உண்மை சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது 1904. தாத்தா கிளார்க்காகவே ஓய்வுபெற்ற குடும்பத்தில், 'கவர்மெண்டு உத்தியோகம்' என்றால் கிளார்க் உத்தியோகம் என்றுதான் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அதுவும் தூரம். சட்டம் மாறியபோது செய்தி கெஜட்டில் வந்தது. வீட்டுக்குள் வரவில்லை. 'அப்ளை பண்ணி என்ன ஆகப்போவுது' என்று ஓர் அம்மா சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தன் அப்பாவின் அனுபவத்தைச் சொல்கிறார்.

வரலாற்று ஆய்வில் இது ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண் பட்டியல் ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. சேர்ந்தவர்களின் பணிப்பதிவேடு இருக்கிறது. 1936இல் மன்றத்தில் எழுந்த கேள்வியும் அதற்கு வந்த மறுப்பும்கூட அச்சில் இருக்கின்றன. கேள்வி கேட்ட அந்த உறுப்பினருக்குப் பதில் என்ன வரும் என்று முன்பே தெரிந்திருக்கும். கேட்டார். அதனால்தான் ஆளுநர் தன் வாயால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, நாமும் இன்று அதைப் படித்து அதன் அபத்தத்தைப் பார்க்க முடிகிறது. படிவமே வாங்காமல் ஒதுங்கிப்போனவர்களைப் பற்றி மட்டும் எந்தக் கோப்பும் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை.

நிராகரிப்புக் கடிதம் ஒரு சாட்சி. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று நாளைக்கு யாராவது கணக்குக் கேட்கும்போது அது கணக்கில் வரும். அனுப்பாத விண்ணப்பம் வராது. பட்டம் முடித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்தத் தகுதி வரிகளைப் படித்துவிட்டு, 'நமக்கெதுக்கு' என்று பக்கத்தை மூடப்போகும் நண்பர்கள் அந்த வரிகளை இன்னொரு முறை படிக்கலாம். 1904இல் அங்கே என்ன எழுதியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு.